நெற்றியில்லாத மெஷின்

துடைக்கத் துடைக்க எண்ணெய் வந்துகொண்டேதான் இருக்கிறது. பனியன் வேஸ்ட் துணியை உதறி மடித்து லேத்தின் முதுகை மறுபடி தேய்க்கிறேன். இன்று ஆயுத பூசை, இன்றைக்குப் பளபளவென்று இருந்தால் போதும், நாளைக்கு லாரி வந்துவிடும், லாரிக்காரனுக்கு எண்ணெயாவது மண்ணாவது. இந்த நினைப்பு வந்ததும் கை நின்றுபோகிறது. நின்ற கையை, இதை ஓட்டுகிற சவரிமுத்து பார்த்துவிட்டானோ என்று பயந்து இன்னும் வேகமாகத் தேய்க்கிறேன். அவன் பார்க்கவில்லை, வாசலில் ஸ்டூல் மேல் ஏறி மாவிலை கட்டிக்கொண்டிருக்கிறான், வாயில் சணல், மேலே புதுச் சட்டை, காலரில் மடிப்பு இன்னும் கலையவில்லை. அவனிடம் சொல்ல வேண்டும். சவரி, இந்த லேத் உனக்கு இல்லை, இதையும் ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்கள். அவ்வளவுதான், ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் மூன்று வாரமாக மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் வைத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் அந்தப் புது மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயுத பூசை அன்றைக்கு எங்கள் கணபதி வட்டாரத்தில் எந்தப் பட்டறையிலும் ஒரு மோட்டார் சுற்றாது, ஆயுதத்துக்கு ஓய்வு கொடுக்கும் நாள், கத்தரிக்கோலைக்கூட எடுத்து மறைத்து வைப்பாள் என் பெண்டாட்டி விசாலம். அதற்கு மட்டும் பூசையும் கிடையாது பொங்கலும் கிடையாது. நிறுத்தக் கூடாது என்று சொல்லித்தான் கொண்டுவந்து வைத்தார்கள், நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

வெள்ளை நிறத்தில், இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்த அளவுக்கு இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்குள்ளே ஒரு கை. அந்தக் கை கம்பியை எடுக்கிறது, கொடுக்கிறது, கடைந்த ஷாஃப்ட்டை வாங்கி அடுக்குகிறது, அளவு சரியா என்று தானே பார்த்துக்கொள்கிறது, தப்பென்றால் தானே ஒதுக்கி வைக்கிறது. பம்பு கம்பெனிக்காரர்கள் ஷாஃப்ட்டை இனிமேல் இந்த மாதிரி மெஷினில் ஓட்டினால்தான் வாங்குவோம் என்று சொல்லிவிட்டார்கள். வாங்குகிறவன் சொன்னால் விற்கிறவனுக்கு ஏது வாய். வாங்கிப் போட எனக்குத் திராணி உண்டா என்றால் இல்லை, என்னை விற்றாலும் அதன் கதவுக்குக் காணாது. அப்போதுதான் அவர்கள் வந்தார்கள், பெங்களூரிலிருந்து, வெள்ளைச் சட்டையும் மெல்லிய பேச்சுமாக. நீங்க வாங்க வேண்டாம் சார், நாங்க கொண்டுவந்து வைக்கிறோம், ஓடுற பீசுக்கு உங்களுக்குப் பங்கு. கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. இடம் என்னுடையது, கரண்ட் என்னுடையது, கம்பி போடும் ஆள் என்னுடையது. மெஷின் அவர்களுடையது, அது ஓடி ஓடிக் கற்றுக்கொள்ளும் வித்தையும் அவர்களுடையது. அதற்கு முன்பணமாகப் பழைய லேத் நான்கையும் எழுதிக் கொடுத்தேன், போதாது என்று ஷெட்டையும் ஈடு வைத்தேன். வீட்டோடு மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கிறோம், மாமனாருக்கு அடங்கிக் கிடப்பான். இந்த மாப்பிள்ளை நம் வீட்டிலேயே இருந்துகொண்டு நம் கரண்ட்டைக் குடித்துக்கொண்டு நம்மையே வேலை வாங்குகிறது. ட்ரேயில் கம்பி தீர்ந்தால் மஞ்சள் விளக்கு எரியும், நான் எழுந்து ஓட வேண்டும். ஐம்பத்தொன்பது வயதில் ஓடுகிறேன். இந்தச் சாலையில் மட்டும் எத்தனை ஷெட்டில் வைத்திருக்கிறார்களோ, ஒன்றில்கூட அவர்கள் கையில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டிருக்காது.

எனக்கு மெஷின் வந்த விதம் வேறு. என் முதலாளி சீனிவாசலு நாயுடுவிடம் பத்து வருஷம் லேத் ஓட்டினேன். அவர் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூசைக்குச் சந்தனத் தட்டை அவர் தொட மாட்டார், அந்தந்த மெஷினுக்கு அதை ஓட்டுகிறவன்தான் பொட்டு வைக்க வேண்டும். ஆனால் தட்டை முதலில் யார் கையில் கொடுக்கிறார் என்பதில்தான் எல்லார் கண்ணும் இருக்கும். முதல் தட்டு வாங்கினவனுக்கு அவன் ஓட்டுகிற மெஷின் சொந்தம். தைக்குள் பெயர்த்துக்கொண்டு போய்த் தனியாகப் போட்டுக்கொள்ளலாம், அவரே அவனுக்கு வேலையும் அனுப்புவார், மெஷின் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வேலையிலேயே கழித்துக்கொள்வார். எனக்குத் தட்டு கொடுத்த அன்றைக்குக் குங்குமத்தைக் கொட்டிவிட்டேன். கொட்டுனா நல்லதுடா, பூமிக்கும் ஒரு பொட்டு, என்று சிரித்தார். அவரும் இப்படித்தான் யாரிடமோ தட்டு வாங்கியிருப்பார். இந்தத் தெருவே அப்படி வந்ததுதான், ஒரு பட்டறை இன்னொரு பட்டறையைப் பெற்றது, லேத் ஓட்டினவன் லேத் வைத்தான், அவனிடம் ஓட்டினவனும் வைத்தான். யாரும் கோடீசுவரன் ஆகவில்லை, ஆனால் சாகிறவரை கூலிக்காரனாகவே இருக்க வேண்டும் என்றும் யாருக்கும் தலையில் எழுதியிருக்கவில்லை. அந்த வழக்கத்தை நானும் விடவில்லை, இரண்டு பேருக்குத் தட்டு கொடுத்திருக்கிறேன். போன ஆயுத பூசையில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்த வருசம் உனக்குத்தான்டா சவரி என்று எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கு அது உண்மை. சத்தியமாக உண்மை. கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன், நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள், இங்கே பிழைப்பு நினைப்பைக் கெடுத்துவிட்டது.

மற்ற மூன்று லேத்தும் போன மாதமே போய்விட்டன, அவற்றை ஓட்டினவர்களும் போய்விட்டார்கள், ஒருவர் அடுக்குமாடியில் வாட்ச்மேன், இரண்டு பேர் ஊருக்கே போய்விட்டார்கள். அவர்களிடம் சொல்ல முடிந்தது, அழுதேன், அவர்களும் அழுதார்கள், முடிந்தது. இதை மட்டும் ஏற்ற வந்தபோது, பூசை முடியட்டுங்க, அப்புறம் எடுத்துக்குங்க என்று லாரிக்காரனைக் கெஞ்சித் திருப்பி அனுப்பினேன். ஒரு பூசையாவது பார்க்கட்டும் என்ற ஆசையில் சொன்னது. சவரி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். லாரி போன பிறகு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, எனக்காக வேண்டித்தான் இத நிறுத்தி வெச்சீங்களாண்ணா, என்றான். கண் கலங்கியிருந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இல்லடா, பூசை வரைக்கும்தான், என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். நான் அவன் தோளைத் தட்டினேன். தட்டினேனே, இந்தக் கை, இப்போது எண்ணெய் துடைக்கிறதே இதே கை. அதோடு விட்டதா, போன ஞாயிற்றுக்கிழமை பழைய நியூஸ் பேப்பரோடு வந்தான். லேத்தின் காலடியில் பேப்பரை விரித்து, போல்ட் ஓட்டைகளை எண்ணெய் விரலால் அழுத்தி அச்சு எடுத்தான். டார்ச் புடிங்கண்ணா, என்றான், பிடித்தேன். டேப்போட அந்த முனையைப் புடிங்கண்ணா, பிடித்தேன். அவன் குடியிருக்கும் லைன் வீட்டு முன்னறையிலேயே தரையைத் தோண்டிக் காங்கிரீட் போட்டுவிட்டான், வீட்டுக்காரரிடம் கையைக் காலைப் பிடித்து அனுமதி வாங்கி. அச்சு எடுத்த பேப்பரை மேலே வைத்து அளவு பிசகாமல் நான்கு போல்ட்டையும் நட்டுவிட்டான். அவன் பெண்டாட்டி ஸ்டெல்லா தினமும் தண்ணீர் ஊற்றுகிறாளாம், காங்கிரீட் இறுக வேண்டுமே. இந்த லேத்தைத் தவிர வேறு எதுவும் அந்தப் போல்ட்டில் உட்காராது. கொடுத்தாலும் என்ன செய்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஷாஃப்ட் வேலை இனி யார் கொடுப்பார்கள், இரும்பை வைத்துக்கொண்டு மாரடிக்கவா, ஒரு வகையில் அவன் தப்பித்தான். நன்றாகத்தான் இருக்கிறது இந்த நியாயம். நாயுடு எனக்கு இப்படி நியாயம் பேசியிருந்தால் நான் இன்னும் அவர் பட்டறையில் கூட்டிக்கொண்டிருப்பேன். சின்னச் சின்ன வேலை வரும், ஒரு கேட்டுக் கீல், ஒரு மோட்டார் புஷ், நாலு பேர் நாலு விதமாகக் கொண்டுவருவார்கள், பிழைத்துக்கொள்வான், சவரி பிழைத்துக்கொள்வான். அந்த ஒரு லேத்தையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டேனா? கேட்டேன். ஒரு தடவை கேட்டேன். முடியாது சார் என்றார்கள், சரிங்க என்றேன். இரண்டாம் தடவை கேட்டிருக்கலாம். மெஷின் வேண்டாம் போங்கள் என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

விசாலம் வந்துவிட்டாள், தலையில் பொரி மூட்டை, கையில் சுண்டல் தூக்கு. மூட்டையை இறக்குகிற சாக்கில் என் காதோரம் குனிகிறாள். "ஏனுங்க, சொல்லீட்டீங்களா?" "சொல்றேன்." "எப்பங்க? லாரி வந்து நின்னதுக்கப்பறமா?" நான் லேத்தின் கைப்பிடியைத் தேய்க்கிறேன், அது ஏற்கனவே முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ந்துதான் இருக்கிறது, சவரியின் உள்ளங்கை தேய்த்தது. "நீங்க சொல்லலீன்னா நாஞ் சொல்லிப்போடுவேன், பாத்துக்குங்க." சொல்லேன் தாயே, நீயே சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கும்பிடுகிறேன். ஆனால் அதற்குள் ஸ்டெல்லா இரண்டு பெண் குழந்தைகளோடு வந்து நிற்கிறாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக அவள் வர மாட்டாள், இன்றைக்கு அவன் தட்டு வாங்குகிற நாள் அல்லவா, வராமல் இருப்பாளா. பட்டுப் புடவை, கல்யாணப் புடவையாக இருக்கும், மடிப்பில் நூல் விட்டிருக்கிறது. சின்னது நேராக அந்த வெள்ளை மெஷினின் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் கைக்கு டாட்டா காட்டுகிறது. "மாமா, அது ஏன் எனக்கு டாட்டா காட்ட மாட்டேங்குது?" விசாலம் என்னைப் பார்க்கிறாள், அவள் முகத்திலிருந்த கோபம் வடிந்துவிட்டது, அவளும் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் போய், வா கண்ணு, உக்காரு, என்று பொரியை அள்ளி அள்ளிக் கொடுக்கிறாள், ஒரு ஆளுக்கு அவ்வளவு பொரி எதற்கு.

சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டியாயிற்று. பூசணிக்காய்க்குள் குங்குமம் திணித்தாயிற்று. இனி தட்டு. இப்போது சொல்லிவிடலாம். கற்பூரம் அணைந்த பிறகு ஒரு சின்ன மௌனம் வருமே, அதில் சொல்லிவிடலாம். மௌனம் வருகிறது. பின்னால் அது மட்டும் ஓடுகிறது, எடுக்கிறது, கொடுக்கிறது, அடுக்குகிறது. "அண்ணா," என்கிறான் சவரி, இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டியபடி. நான் கொடுத்துவிட்டேன். கடவுளே, கொடுத்துவிட்டேன். கேட்டு வாங்குகிறவனிடம் எப்படி மறுப்பது, வைத்த கண் வாங்காமல் பெண்டாட்டி பிள்ளைகள் பார்க்கும்போது. அவன் தட்டோடு லேத்திடம் போகிறான், மண்டைப் பகுதியில் சந்தனத்தால் சின்னதாக ஒரு சிலுவை போடுகிறான், அதன் நடுவில் குங்குமம் வைக்கிறான். பதினெட்டு வருஷமாக அவன் அப்படித்தான் வைக்கிறான், மாதாவுக்கும் பாதகமில்லை, சரஸ்வதிக்கும் பாதகமில்லை. வைத்துவிட்டு உடனே கையை எடுக்கவில்லை, காய்ச்சல் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தான். ஸ்டெல்லா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. எங்காவது போக வேண்டும், எதையாவது செய்ய வேண்டும், தட்டை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டு வெள்ளை மெஷினிடம் போனேன். ஆயிரம்தான் இருந்தாலும் என் கூரைக்குக் கீழே இருக்கிறது, சோறு போடுகிறது, பொட்டு வைக்காமல் விடலாமா. ஆனால் எங்கே வைப்பது. லேத்துக்கு மண்டை உண்டு, டிரில்லிங் மெஷினுக்குத் தலை உண்டு, அரத்துக்குக்கூடப் பிடி உண்டு. இதற்கு முன்னும் பின்னும் ஒரே வழவழப்பு. மேலே ஓர் ஓரத்தில் கறுப்பாக, வட்டமாக ஒன்று இருந்தது, அது ஒன்றுதான் முகம் மாதிரித் தெரிந்தது, அதற்குக் கொஞ்சம் மேலே வைத்தால் நெற்றி என்று நினைத்து மூன்று விரலால் சந்தனத்தை இழுத்தேன். சந்தனம் நீர்த்திருந்தது. வழிந்து அந்தக் கறுப்பு வட்டத்தை மூடியது. சந்தனம் இழுத்த கையோடு அதன் மேலேயே குங்குமத்தையும் வைத்துவிட்டேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. மெஷின் நின்றது. அப்போதுதான் உறைத்தது, அது அதன் கேமரா, அதன் கண், எதையும் ஒட்டக் கூடாது என்று அவர்கள் படித்துப் படித்துச் சொன்ன இடம். பட்டறை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ஒரு நிமிஷம், ஆயுத பூசை ஆயுத பூசையாக இருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

செல் அடித்தது. கை முழுக்கச் சந்தனம், விரல் முட்டியால் தட்டினேன், ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது. ஒரு பெண் குரல், நல்ல தமிழ், நல்ல மரியாதை. "சார், உங்க ஷெட்டுல இருக்கிற எங்க மெஷின் நின்னுருக்கு. கேமராவுல எதோ படிஞ்சிருக்கிற மாதிரித் தெரியுது. எங்க மெஷின்ல எதுவும் ஒட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமே சார். கொஞ்சம் தொடச்சு விட்டுடுங்க, நாங்க இங்கருந்தே ஸ்டார்ட் பண்ணிக்கறோம்." சரிங்க என்றேன், அன்றைக்குச் சொன்ன அதே சரிங்க. "அப்புறம் சார், நாளைக்கு அந்த மீதி லேத்தை எடுக்க லாரி வரும். கொஞ்சம் கழட்டி ரெடியா வெச்சிருங்க. ஹேப்பி பூஜா சார்." வைத்துவிட்டாள். நான் பனியன் வேஸ்ட்டைத் தேடுகிறேன். என் கையில்தான் இருக்கிறது, ஆனாலும் தேடுகிறேன். திரும்பினால் சவரியைப் பார்க்க வேண்டும். கண்ணை மூடியிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தேன், விளிம்பில் மட்டும் செக்கச்செவேல் என்று ஒரு கோடு போக மாட்டேன் என்கிறது, நகத்தால் சுரண்டினேன். நான் வைத்த பொட்டை நானே சுரண்டுகிறேன், பூசை நாளும் அதுவுமாக. மெஷின் தானாகவே கிளம்பியது, கை பாதியில் விட்ட கம்பியை எடுத்துக் கொடுத்தது. வெட்கத்தில் காது எரிந்தது எனக்கு.

"எங்க மெஷினுங்குதே அந்தப் பொண்ணு," என்றான் சவரி பின்னாலிருந்து. "அப்ப இது உங்களுது இல்லீங்களாண்ணா?" இல்லை என்றேன். எடமும் ஈட்டுல இருக்குது சவரி, என்றேன். "லேத்து?" என்றான். போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தான், எல்லாரும்தான் கேட்டார்கள், ஆனாலும் நான் சொல்ல வேண்டும் என்று நின்றான். "நாலையும் எழுதிக் குடுத்துட்டேன். உன்ற லேத்தையுஞ் சேத்தி. சொல்லோணும் சொல்லோணும்னுதான் இருந்தேன்." கடைசியில் இவ்வளவுதான், ஒரு மூச்சுகூட ஆகவில்லை. ஸ்டெல்லா கையில் பொரி அப்படியே இருந்தது, முகத்தில் வந்தபோது இருந்த சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தாள். என்னைத் திட்டடா சவரி, நாயே என்று சொல், தட்டைத் தூக்கி எறி, நான் வாங்கிக்கொள்கிறேன். அவன் திட்டவில்லை. அந்தச் சின்னப் பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லேத்தின் காலடியைப் பார்த்துக்கொண்டே நின்றான். "நாலு போல்ட்டும் காங்கிரீட்டுல நட்டுக்கிட்டு நிக்குதுண்ணா," என்றான். "வீட்டு முன்ரூம்பு. புள்ளைக ராத்திரி எந்திரிச்சா தடுக்கி விழுவாளுக. அறுத்துத்தான் போடோணும். ஹாக்ஸா இருக்குதில்லீங்க, அதாச்சும் நம்மளுதுங்களா? இல்ல, அதையுஞ் சேத்தி எழுதிக் குடுத்துட்டீங்களா?"

நம்மளுதுதான், என்றேன். ஆணியில் தொங்கிய ஹாக்ஸாவை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். காலையில் வந்ததும் முதல் வேலையாக அதன் பிடிக்கு நான் வைத்த பொட்டு காய்ந்து போயிருந்தது. சவரி கை நீட்டினான், பொட்டைப் பார்த்தான், கையை இழுத்துக்கொண்டான். "பூசையில வெச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. லேத்த ஏத்திவுட்டுட்டு நாளைக்கு வாங்கிக்கறேன்," என்று சொல்லி, என் கையிலிருந்து பிடி படாமல் விளிம்பில் வாங்கி, அவனே ஆணியில் மாட்டினான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ட்ரேயில் கம்பி தீர்ந்து மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் ஓடினேன்.